மாதக்கணக்கில் வேலை தேடுபவர்களுக்கு: சோர்ந்துபோகாமல் தேடுவது எப்படி?

வேலை போன முதல் சில வாரங்களில் பெரும்பாலும் யாருக்கும் ஊக்கம் குறைவதில்லை. பழைய அலுவலக நண்பர்கள் அடிக்கடி பேசுவார்கள். "உனக்கென்ன, சீக்கிரமே கிடைச்சிடும்" என்பார்கள். நாமும் நம்புவோம். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நாலு மாதம், ஐந்து மாதம் ஆனதும் போன் வருவது குறைகிறது. அப்ளை செய்த இடங்களில் இருந்து பதிலே இல்லை. காலையில் லேப்டாப்பைத் திறக்கவே கை வருவதில்லை. அந்தக் கட்டத்துக்குள் இப்போதுதான் நுழைந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொதுவாக உலக அளவில் 12 மாதமோ அதற்கு மேலோ வேலை தேடியும் கிடைக்காமல் இருந்தால் அதை நீண்டகால வேலையின்மை என்று கணக்கில் எடுப்பார்கள். அமெரிக்க அரசின் புள்ளிவிவரத்தில் 27 வாரம் ஆனாலே அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தனியாகப் பெயர் வைத்து எண்ணிப் பார்க்கும் அளவுக்கு இது பலருக்கும் நடக்கிற விஷயம். உங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள்.

இந்த விஷயத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பாதி "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். எப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணிப்பில், தேடுகிற உழைப்பு ஆளை அவ்வளவாகச் சோர்வாக்குவதில்லை. அந்த உழைப்புக்கு ஒரு முடிவும் இல்லாமல் இருப்பதுதான் சோர்வாக்குகிறது. வேலைக்குப் போகிறவருக்குச் சாயங்காலம் வேலை முடிந்துவிடும், வாரக் கடைசியில் லீவு உண்டு. வேலை தேடுகிறவருக்கு இரண்டும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கும் "இன்னொரு இடத்துக்கு அப்ளை பண்ணியிருக்கலாமோ" என்று உறுத்தும். ஆகவே கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நேரத்துக்கு, எண்ணிக்கைக்கு, காத்திருப்புக்கு, பணத்துக்கு ஒரு எல்லை போடுவது.

ஊக்கம் ஏன் வடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊர் முழுக்க ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1930-ஐ ஒட்டி அந்த ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் வேலை இழந்த அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து 1933-இல் வெளியிட்டார்கள்.

நேரம் நிறையக் கிடைத்தால் ஜனங்கள் நிறையப் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. ஊர் நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும் இரவல் போன புத்தகங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றார்கள். பெரும்பாலானோர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை, வீட்டில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் உட்பட. பகலெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஆலை மூடினாலும் அவர்களுக்கு வீட்டு வேலை மூடவில்லை.

பல வருடம் கழித்து யஹோடா இதை இன்னும் தெளிவாகச் சொன்னார். வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் கொடுக்கிறது: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நிறைவு, சமூகத்தில் ஒரு அடையாளம், கட்டாயமாக ஏதாவது செய்துகொண்டே இருப்பது. வேலை போனால் ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. நாம் சம்பளம் போனதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, "எனக்கு ஏன் எழுந்திருக்கவே பிடிக்கலை, நான் சோம்பேறியாயிட்டேனோ" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். சோம்பேறித்தனம் என்றால் ஊரே ஒரே சமயத்தில் சோம்பேறியாகியிருக்காது.

போனவற்றில் சிலவற்றைச் சம்பளம் இல்லாமலேயே திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

பணக் கணக்கை ஒரே தடவை உட்கார்ந்து போடுங்கள்

இது சுருக்கமான படிதான், ஆனால் முதலில் செய்ய வேண்டியது. கையிருப்பு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, மாதம் தவிர்க்கவே முடியாத செலவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். அந்த எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது நல்லது. தெரியாத வரைக்கும் ஒவ்வொரு சின்னச் செலவும் பயமுறுத்தும்.

அப்புறம் காலண்டரில் ஒரு தேதியைக் குறியுங்கள். கையிருப்பில் பாதி தீரும் நாளாக அது இருக்கலாம். "இந்தத் தேதி வரை என் துறையில் மட்டும் தேடுவேன். அதற்குப் பிறகு தற்காலிக வேலை, குறைந்த சம்பளம், வேறு துறை எல்லாவற்றையும் பார்ப்பேன்" என்று இப்போதே முடிவு செய்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இதில் ஒரு லாபம் இருக்கிறது. "இன்னும் எத்தனை நாள் இப்படியே?" என்ற கேள்வி தினமும் எழாது. அந்தத் தேதியில் ஒரு தடவை எழுந்தால் போதும். வேலையில்லாதோருக்கு அரசு உதவியோ முன்னாள் நிறுவனத்தில் இருந்து வர வேண்டிய தொகையோ இருந்தால் அதற்கான மனுவையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். அவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் கெடு உண்டு.

ஒவ்வொரு நாளையும் ஒரு நேர ஒழுங்குக்குள் கொண்டுவாருங்கள்

"வேலை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்யுங்கள், தினமும் எட்டு மணி நேரம்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேலை வாய்ப்புத் தளங்களை எட்டு மணி நேரம் பார்ப்பவர் முதல் இரண்டு மணி நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்வார். மிச்ச நேரம் பார்த்ததையே திரும்பப் பார்ப்பார். முதல் மாதம் அப்படித் தாக்குப்பிடிக்கலாம். ஏழாவது மாதம் முடியாது.

நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், அதிகம் போனால் நாலு. வாரத்துக்கு ஐந்து நாள். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒரே நேரத்தில் முடிய வேண்டும். உதாரணமாக, காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்கு எழுந்துவிட வேண்டும். எழுந்த பிறகு ஏதாவது நல்ல விளம்பரம் கண்ணில் பட்டாலும் குறித்து வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். இன்றே கடைசி நாள் என்றால் மட்டும் விதிவிலக்கு.

அந்த நேரத்துக்குள் என்ன செய்வது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் புதிதாக வந்த இடங்களைப் பார்த்து இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுப்பது. அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த இடங்களுக்கு ஏற்ற மாதிரி பயோடேட்டாவைத் திருத்தி அனுப்புவது. மிச்சம் ஒரு மணி நேரம் மனிதர்களுக்கு: போன், மெயில், மெசேஜ். இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள், அதுதான் அதிகம் பலன் தரும். அதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

தூங்கி எழும் நேரத்தை மாற்றவே மாற்றாதீர்கள். படுக்கும் நேரம் சில நாள் தள்ளிப்போகலாம், பரவாயில்லை. எழும் நேரம் ஒன்றாக இருந்தால் ஒரு வாரத்தில் மற்றது தானாகச் சரியாகும். எழுந்ததும் வீட்டு உடையை மாற்றிவிட்டு, பத்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வெறும் சம்பிரதாயம்போலத் தெரியும். ஆனால் காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் நம் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்கிற முக்கியமான விஷயம். வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க அடைந்து கிடப்பவருக்கு ராத்திரித் தூக்கம் கெட்டுப்போவதில் ஆச்சரியம் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வேலை தேடலோடு சம்பந்தமே இல்லாத ஒரு காரியம் வேண்டும், அதுவும் முடிந்தால் கண்ணுக்குத் தெரிகிற காரியமாக. பழுதான சாமானைச் சரிசெய்வது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு சேவை அமைப்பில் வாரம் இரண்டு நாள் கணக்கு எழுதிக்கொடுப்பது. குற்ற உணர்ச்சி இல்லாமல் செய்யுங்கள். அன்றைய தேடல் நேரம்தான் முடிந்துவிட்டதே.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும், எக்ஸெல் வேண்டுமென்று இல்லை. ஒரு வரிக்கு ஒரு முயற்சி. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"திங்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனம், ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர். பயோடேட்டா அனுப்பினேன். நினைவூட்டல்: அடுத்த புதன்."
"திங்கள். பழைய கம்பெனி ஆடிட்டர் சாருக்கு மெசேஜ். பதில் இல்லை."
"செவ்வாய். ஆடிட்டர் சார் பேசினார். அவர் கிளையண்ட் ஒருவர் ஆள் தேடுகிறாராம். பெயர், நம்பர் வாங்கியாச்சு."
"புதன். மருந்து மொத்த விற்பனையாளர். நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லை. மூடியது."

கடைசி வரியில் இருக்கும் "மூடியது" என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பித்து பத்து நாளில் ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டுங்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் கோடு போட்டு மூடிவிடுங்கள். பின்னால் அவர்களாகக் கூப்பிட்டால் சந்தோஷம். ஆனால் மனதில் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்காதீர்கள். நாற்பது இடங்களின் பதிலுக்கு ஒரே சமயத்தில் காத்திருப்பதுபோலக் களைப்பான வேலை வேறு இல்லை.

வாரக் கடைசியில் எத்தனை இன்டர்வியூ வந்தது என்று எண்ணாதீர்கள். அது அடுத்தவர் கையில் இருக்கிறது. எத்தனை அனுப்பினேன், எத்தனை பேரிடம் பேசினேன் என்று எண்ணுங்கள். வாரத்துக்குப் பத்து விண்ணப்பம், ஐந்து பேச்சு என்று இலக்கு வைத்தால் வெள்ளிக்கிழமை அது முடிந்துவிடும். முடிந்தால் அந்த வாரம் வென்றாகிவிட்டது, பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

பதில் வராததற்கு நூறு காரணம் இருக்கும். அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் பார்த்துவைத்திருப்பார்கள், நடைமுறைக்காக விளம்பரம் கொடுத்திருப்பார்கள். பட்ஜெட் நின்றுபோயிருக்கும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் உங்கள் பயோடேட்டாவை மனிதக் கண்ணுக்கே காட்டியிருக்காது. இந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும் நம்மால் ஏதாவது செய்ய முடியும்: விளம்பரத்தில் அவர்கள் திறமைகளுக்குப் பயன்படுத்திய அதே வார்த்தைகளை, அவை உண்மையாகவே உங்களிடம் இருந்தால், உங்கள் பயோடேட்டாவிலும் போடுங்கள். கட்டம் கட்டிய அலங்கார வடிவங்களைத் தவிருங்கள்.

சரி, இடைவெளி நீளமாக இருப்பதே பாதிக்குமா? பாதிக்கும். மறைப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்காவில் குரோஃப்ட், லாங்க், நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கற்பனையான விண்ணப்பங்களைத் தயாரித்து, வேலையில்லாமல் இருந்த மாதங்களை மட்டும் மாற்றி, ஏறத்தாழ 12,000 பயோடேட்டாக்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. மாதங்கள் கூடக்கூட அழைப்பு குறைந்தது. ஆனால் அந்தச் சரிவு பெரும்பாலும் முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து மாதமானாலும் பதினைந்து மாதமானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: வேலைகள் தாராளமாகக் கிடைக்கும் இடங்களில்தான் இடைவெளி அதிகம் உறுத்தியது. பலருக்கும் வேலை கிடைக்காத இடங்களில் நிறுவனங்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

இதில் இருந்து நமக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. அழைப்பு குறைவது உங்கள் திறமை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. ஏனென்றால் அந்த ஆய்வில் மற்ற தகுதிகளில் மாற்றமே இல்லாமல், மாதக் கணக்கு ஒன்றே அழைப்பைக் குறைத்தது. அடுத்தது, பயோடேட்டாவை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற வழியில்தான் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. உங்களைத் தெரிந்த ஒரு மனிதர் வழியாகப் போனால் அது சின்னதாகிவிடும்.

தூரத்து அறிமுகங்களைத் தட்டுங்கள்

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களிடம், "அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த வேலை நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஒரே வட்டம்தானே. தூரத்து அறிமுகம் வேறொரு வட்டத்தில் இருப்பவர். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதேதான் தெரிந்தது. ஒரு சின்னத் திருத்தத்தோடு: ரொம்பவே தூரமானவர்களைவிட, ஓரளவு பொதுவான நண்பர்கள் உள்ள அரைகுறை அறிமுகங்கள்தான் அதிகம் உதவின.

ஆகவே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். பழைய கம்பெனியில் வேறு துறையில் இருந்தவர், சரக்கு கொடுத்தவர், வாங்கியவர், கூடப் படித்தவர்கள், ஒரு பயிற்சியில் சந்தித்தவர், உங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போனவர். முப்பது பெயர் வந்துவிடும்.

இங்கேதான் வெட்கம் வந்து குறுக்கே நிற்கும். ரெண்டு வருஷமாகப் பேசாதவரிடம் திடீரென்று வேலை கேட்பதா? வேலை கேட்காதீர்கள். தகவல் கேளுங்கள். வேலை கேட்டால் "இல்லை" என்று சொல்ல வேண்டிய சங்கடம் அவருக்கு, அதனால் பதிலே போட மாட்டார். தகவல் கேட்டால் யாருக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். மெசேஜ் இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? கிடங்குக் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாத்தினப்ப உங்களோட வேலை பார்த்தேன், ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். போன வருஷக் கடைசியில எங்க பிரிவை மூடிட்டாங்க. இப்போ ஸ்டோர்ஸ், இன்வென்டரி பக்கம் தேடிட்டு இருக்கேன். அந்தத் துறையில இப்போ யார் ஆள் எடுக்குறாங்கன்னு உங்களுக்கு ஒரு ஐடியா இருக்கும். பத்து நிமிஷம் போன்ல பேச முடியுமா? இந்த வாரம் எப்போன்னாலும் சரி."

யார் என்பது, என்ன ஆனது என்பது, என்ன தேடுகிறோம் என்பது, என்ன உதவி என்பது. நாலும் வந்துவிட்டது. புலம்பல் இல்லை, பயோடேட்டாவும் இணைக்கவில்லை. அவரே கேட்கும்போது அனுப்பலாம். பேசி முடிக்கும்போது, "இது பத்தி வேற யார்கிட்டயாவது பேசலாமா சார்?" என்று ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ஒரு பேச்சு இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் கணக்கு.

தனியாகத் தேடாதீர்கள்

அமெரிக்காவில் 1970-களில் நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் வேலை தேடுபவர்களைக் குழுவாகச் சேர்த்தார். தினமும் கூடுவார்கள், ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் உதவுவார்கள், கேள்விப்பட்ட வேலைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். தனியாகத் தேடியவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது.

உங்களுக்குப் பெரிய குழு தேவையில்லை. தேடிக்கொண்டிருக்கும் இன்னும் ஒருவரோ இரண்டு பேரோ போதும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். போன வாரம் சொன்னதில் எதைச் செய்தோம், அடுத்த வாரம் எதைச் செய்யப்போகிறோம், ஒரு மாதிரி இன்டர்வியூ. "சந்தை ரொம்ப மோசம்பா" என்ற பேச்சுக்கு முதல் பத்து நிமிடம் மட்டும் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் வகுத்த பயிற்சித் திட்டம் ஒன்றில் எனக்குப் பிடித்த பகுதி, தோல்விக்கு முன்கூட்டியே தயார் செய்வது. வரப்போகும் தடங்கலை இப்போதே சொல்லிப் பார்த்து, அப்போது என்ன செய்வது என்று குழுவாக யோசிப்பார்கள். பயிற்சி எடுத்தவர்கள் சீக்கிரம் வேலையில் சேர்ந்தார்கள், மனச்சோர்வும் குறைந்தது. இதுபோன்ற 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, திறமைப் பயிற்சியும் ஊக்கமூட்டலும் சேர்ந்திருந்த திட்டங்கள்தான் பலன் தந்தன என்கிறது. பயோடேட்டா எழுதக் கற்றுக்கொள்வது மட்டும் போதாது, மனதைத் தேற்றுவது மட்டும் போதாது.

வீட்டிலேயே இதைச் செய்யும் வழி: "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று வாக்கியமாக எழுதிவைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் இந்த மாதிரியான திட்டம் வெறும் தீர்மானத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. "நிராகரிப்பு மெயில் வந்தால், நோட்டில் மூடியது என்று எழுதிவிட்டு வெளியே நடந்துவிட்டு வருவேன்." "ஒன்பதரைக்கு உட்கார மனமே இல்லையென்றால், ஒரே ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புவேன்." ஒன்று அனுப்பியவர் பெரும்பாலும் இரண்டாவதையும் அனுப்பிவிடுவார். அனுப்பாவிட்டாலும் அன்றைய நாள் பூஜ்யம் ஆகவில்லை. ஊக்கம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அது பொதுவாகத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும்.

கோபத்தை எழுதித் தீருங்கள்

1994-இல் ஸ்பெரா, பியூர்ஃபைண்ட், பென்னிபேக்கர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு சின்னதுதான், ஆனால் யோசிக்க வைப்பது. பணிநீக்கம் செய்யப்பட்டு மாதக்கணக்கில் வேலை கிடைக்காதிருந்த தொழில்முறை ஊழியர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனது பற்றி மனதில் இருப்பதையெல்லாம் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவும் இல்லை, கூடுதலாக இன்டர்வியூவுக்குப் போகவும் இல்லை. பழைய நிறுவனத்தின் மேல் இருந்த கோபம் எழுத்தில் இறங்கிவிட்டதால், இன்டர்வியூவில் அது வெளியே வரவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் யூகம்.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரலில் ஏறும் கசப்பை எதிரே இருப்பவர் உடனே கவனித்துவிடுவார். எழுதிய தாள்களை யாரிடமும் காட்டாதீர்கள். கிழித்தும் போடலாம். சமூக வலைத்தளத்தில் மட்டும் போட வேண்டாம்.

"இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பொய் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம்.

"போன வருஷம் எங்க பிரிவை மூடினாங்க, பதினாலு பேரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, நானும் ஒருத்தன். அதுக்கப்புறம் தேடிட்டுத்தான் இருக்கேன். நடுவுல ஒரு சேவை அமைப்புக்குக் கையிருப்புக் கணக்கை ஒழுங்குபண்ணிக் கொடுத்தேன், இப்பவும் பார்த்துக்குறேன். உங்க விளம்பரத்துல மாதாந்திர ஸ்டாக் சரிபார்ப்புன்னு இருந்தது. அதை முந்தைய வேலையில நாலு வருஷம் நான்தான் பார்த்தேன்."

கடைசி வாக்கியம் பேச்சைக் கடந்த காலத்தில் இருந்து அவர்கள் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மௌனத்தை நிரப்ப மேலும் மேலும் விளக்கம் சொல்பவர்கள்தான் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். மத்தியான நேரத்துக்கு ஒரு காரியம் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்: இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். உடல்நிலையோ வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொண்டதோ காரணம் என்றால், "குடும்பத்தில் ஒரு பொறுப்பு இருந்தது, இப்போது முடிந்தது" என்று சொன்னால் போதும். விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏமாற்றுக்காரர்கள் தேடுவது உங்களைத்தான்

நீண்ட நாள் தேடுபவர் எதையாவது நம்ப ஆசைப்படுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலைக்காகப் பணம் கேட்டால், அது பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் வந்தாலும், அங்கேயே நிறுத்துங்கள். இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் லெட்டர், சாட்டில் மட்டுமே பேசும் ஹெச்.ஆர்., முதல் நாளிலேயே வங்கிக் கணக்கு விவரமும் ஓடிபியும் கேட்பது, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்பது, எல்லாம் ஒரே ரகம். சந்தேகம் இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

மனம் இதற்கு மேல் தாங்கவில்லை என்றால்

சோர்வு வேறு, நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பே இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு விடாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தால் அது சரியாகாது, டாக்டரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னைக்கு ஏதாவது பதில் வந்துச்சா?" என்று தினமும் கேட்காதீர்கள். வந்தால் அவரே சொல்வார். வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவர் நோட்டைப் பார்த்துப் பேசுங்கள். இந்த ஏற்பாட்டைத் தேடுகிறவரே முன்வந்து சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

தேதி வந்தால், வேலையும் வந்தால்

குறித்துவைத்த தேதி வந்தும் அமையவில்லை என்றால், அன்று புதிதாக ஒன்றும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த முடிவைச் செயல்படுத்த வேண்டும், அவ்வளவுதான். குறைந்த சம்பளத்துக்கோ தற்காலிகமாகவோ ஒரு வேலையை ஏற்பது கௌரவக் குறைச்சல் இல்லை. யஹோடா சொன்ன ஐந்தில் நாலு அங்கேயே திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் சேரும் முன் ஒன்றைப் பாருங்கள்: இன்டர்வியூவுக்குப் போக வாரத்தில் சில மணி நேரமாவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால், வேறு தற்காலிக வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மேல். அப்படியே சேர்ந்தாலும் தினமும் மூன்று மணி நேரம் என்பதை வாரத்துக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு நோட்டைத் தொடருங்கள்.

விரும்பிய வேலைக்கே "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று போனில் சொன்னாலும், சம்பளமும் சேரும் தேதியும் எழுத்தில் கைக்கு வரும் வரை தேடலை நிறுத்தாதீர்கள். வாய்மொழி உறுதிக்குப் பிறகு இடம் ரத்தாவது நடக்கிறதுதான். எழுத்தில் வந்ததும் மற்ற இடங்களுக்கு நாலு வரியில் மெயில் போட்டு விலகிக்கொள்ளுங்கள். அப்புறம் நோட்டைப் புரட்டி, போனில் பத்து நிமிடம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் சேதி சொல்லுங்கள். அவர் சொன்ன வழியில் வேலை அமையாவிட்டாலும் சொல்லுங்கள். கூடவே, உங்களோடு வாராவாரம் உட்கார்ந்து தேடியவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தால், அவர் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு புது வேலையில் சேருங்கள்.